நாலு வார்த்தை அரபி

"லவ் சமஹத்... வஸ்ஸில்னி..."

கரண்ட் போய்த் தறிகள் எல்லாம் நின்றிருந்தன. அதனால்தான் கொட்டகையின் மூலையிலிருந்து வந்த அபிதாவின் குரல் மாணிக்கவேலின் காதில் விழுந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்வாள், கொஞ்சம் நிறுத்துவாள், மறுபடியும் அதையே சொல்வாள்.

அவனுக்குப் புரிந்தது 'லவ்' ஒன்றுதான்.

பின்னலைப் பிடித்து இழுத்தான். போன் கீழே விழுந்து திரை கறுத்துப்போனது.

"யாருடி அவன்?"

"யாரும் இல்லீங்க."

அறைந்த அறையில் அவள் தறியின் மேல் சாய்ந்தாள். உதடு கிழிந்துவிட்டது. தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவு நூலில் ரத்தம் பட்டுவிடப் போகிறதே என்று அவளைத் தரதரவென்று வாசல் பக்கம் இழுத்துப் போட்டான்.

"இன்னா பாஷை அது? எவன் சொல்லிக் குடுத்தான்?"

 அந்த மாதிரிப் பேச்சை அவன் கேட்டிருக்கிறான். வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு லீவில் வந்திருக்கும் எதிர்வீட்டுத் தென்னரசு, தன் முதலாளியிடம் போனில் பேசினால் இப்படித்தான் இருக்கும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைச் சட்டையைப் பிடித்து அப்படியே இழுத்து வந்தான். எச்சில் கையோடு வந்தவனின் முதுகில் பழைய மோட்டார் பெல்ட் இறங்கியது.

"இன்னாடா சொல்லிக் குடுத்த என் பொண்டாட்டிக்கு?"

"நாலு வார்த்தைண்ணா. ரோட்ல போற வண்டிய நிறுத்தி, என்னையும் ஏத்திகினு போங்கன்னு கேக்கறது. அவ்ளோதான்."

"லவ்வுன்னு சொன்னாளே?"

"லவ் சமஹத்துன்னா, தயவு பண்ணுங்கன்னு அர்த்தம்ணா."

"ஓடிப்போறவளுக்குத் தயவு வேற கேக்குதா? எந்த நாட்டுக்குடா கூட்டிகினு போற?"

தென்னரசு அபிதாவைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. அந்த ஒரு பார்வை போதுமாயிருந்தது மாணிக்கவேலுக்கு. அதற்கப்புறம் பெல்ட் யார் மேல் விழுகிறது, எங்கே விழுகிறது என்று அவன் பார்க்கவில்லை.

தெரு கூடிவிட்டது. "உட்றுப்பா, செத்துகித்துத் தொலையப் போவுது" என்றாள் பக்கத்து வீட்டு கெங்கம்மாள். அவன் கேட்டை இழுத்துச் சாத்தினான். நாளைக்கு இந்தத் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்று நினைக்க நினைக்க அவனுக்கு நெஞ்சு எரிந்தது.

உள்ளே ஓடிப்போய் பீரோவைத் திறந்தான். வளைகுடாவில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் தங்கச்சி தேவி வீட்டுக்கு ஒரு தடவை போய்வரலாம் என்று எடுத்து, போகாமலே கிடந்த அபிதாவின் பாஸ்போர்ட் துணிகளுக்கு அடியில் இருந்தது. அவள் முகத்துக்கு நேரே அதைக் கிழித்தான்.

"இப்ப போடி, எப்படிப் போறேன்னு பாக்கறேன்."

அவள் அந்தக் காகிதங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடிங்க. சாயங்காலம் வரைக்கும் எதுவும் கேக்காதீங்க. அப்புறம் நானே சொல்றேன்."

"சாயங்காலம் பஸ் ஏறிட்டுச் சொல்லுவியா?"

எட்டி உதைத்தான். தடுக்கப் போன அவளுடைய கை மடங்கி, மணிக்கட்டில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்கு வெறியேற்றியது. கத்தாத அளவுக்குத் தென்னரசு மேல் அத்தனை ஆசையா?

மூலையில் கிடந்த மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு தென்னரசுவிடம் திரும்பினான். இன்று ஒரு உயிர் போகட்டும் என்றே முடிவு செய்துவிட்டான்.

அப்போது தென்னரசுவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

ஓங்கிய கட்டையைப் பார்த்தும் தென்னரசு தலையை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். மாணிக்கவேல் கட்டையை இறக்காமலே இடது கையால் அவன் விரல்களைப் பிரித்துப் போனைப் பிடுங்கினான். நம்பரைக்கூடப் பார்க்காமல் எடுத்தான்.

ஒரு ஆம்பளைக் குரல். அரபியில் என்னவோ வேகமாகச் சொன்னது.

 மாணிக்கவேல் ஸ்பீக்கரைப் போட்டு, அபிதாவின் கிழிந்த உதட்டுக்கு நேரே போனை நீட்டினான். "இவன்தானா அவன்? பேசுடி. எங்க வந்து நிக்கறான்னு கேளு."

 ஆம்பளைக் குரல் விலகிப்போனது. வண்டி ஓடுகிற இரைச்சலுக்கு நடுவே, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் பேசினாள்.

"தென்னரசு, நான் தேவி. அண்ணி நம்பர் போவவே மாட்டேங்குது. அண்ணி சொல்லிக் குடுத்தத அப்படியே சொன்னேன், ஒரு பெரியவரு நிறுத்தி ஏத்திகினாரு, அவரு போன்லதான் பேசறேன். எம்புருஷன் தூங்கறப்ப கதவுச் சாவிய எடுத்துகினு வந்துட்டேன். வலது கண்ணுதான் இன்னும் தொறக்க முடியல. அண்ணிகிட்ட சொல்லிடு."

அபிதா கண்ணை மூடிக்கொண்டாள். அத்தனை அடிக்கும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. மாணிக்கவேலின் கையில் கட்டை ஓங்கியபடியே நின்றது.

"அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம் தென்னரசு. போன தடவ மாதிரி எம்புருஷனுக்கே போன் போட்டுச் சொல்லிடும்."