அடிக்காத அப்பா

திருநின்றவூர் வாடகை வீட்டில் மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கிறது. நாலு மணி வெயிலில் ஷாரன் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் வெயில் விழாமல் அப்பா வேதமுத்து போர்வையை விரித்துப் பிடித்து நிற்கிறார்; லேத் ஓட்டிய கைகளில் நரம்பு புடைத்திருக்கிறது. முதல் படம் எடுக்கப் போகிறவர்களை வெளிநாட்டில் ஆறு மாதம் தங்கவைத்துத் திரைக்கதை எழுதவைக்கும் திட்டம் ஒன்றின் காணொளிச் சந்திப்பு அது. தேர்வான ஒன்பது கதைகளில் ஷாரனுடையதும் ஒன்று. திரையில் வழிகாட்டி கனிவான ஆங்கிலத்தில் சொல்கிறார்: "உங்கள் நாயகி அதிகமாகச் சிரிக்கிறாள். அப்பா அவளை அடிக்கட்டும். அப்போதுதான் இங்கே பார்ப்பவர்கள் மனம் இரங்கும். மாற்றாவிட்டால் உங்கள் இடம் வேறொருவருக்குப் போய்விடும்." ஆங்கிலம் புரியாத வேதமுத்து குனிகிறார். "இன்னாம்மா சொல்றாரு?" "கதையில அப்பா பொண்ண அடிக்கணுமாம்ப்பா." போர்வை தாழ்கிறது. "அது நம்ம கதையாச்சே. நா எப்பம்மா உன்ன அட்ச்சேன்?" ஷாரனுக்குக் காது மடல்வரை கொதிக்கிறது. லேப்டாப்பை வெடுக்கென்று அவர் பக்கம் திருப்புகிறாள். "இவர்தான் அந்த அப்பா. இவரிடமே சொல்லுங்கள்!" என்று ஆங்கிலத்தில் கத்துகிறாள். வியர்வை வழிய வேதமுத்து திரையை முறைக்கிறார். வழிகாட்டியின் கண்கள் விரிகின்றன. "அற்புதமான முகம்! அடிக்கிற அப்பாவாக இவரே நடிக்கலாமே!" ஷாரன் லேப்டாப்பை அறைந்து மூடுகிறாள். தண்டவாளத்தில் ஆவடிப் பக்கம் போகும் மின்ரயில் தடதடக்கிறது. "இப்ப இன்னா சொன்னாரு?" என்கிறார் வேதமுத்து. அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. "நான் அங்க போகலப்பா."