வாலாட்டி கிளம்பிய நாள்

மாசி வெயில் ஏற ஏற ஏரித் தண்ணீர் வற்றத் தொடங்கியது. குளிர்காலத்துக்கு வந்திருந்த வாலாட்டிக் குருவிகள் வடக்கே இமயமலைப் பக்கம் திரும்பிப் போக ஆயத்தமாயின. அவற்றில் ஒன்று மட்டும் தன் சிநேகிதி மைனாவிடம் சொல்லிக்கொள்ளக் கரைக்கு வந்தது.

“கிளம்பறேன்க்கா.”

“சரிடி, பத்திரமாப் போ,” என்றது மைனா. “ஆமா, அந்த மீன்கொத்தி புதுசா வளை தோண்டுதே, பார்த்தியா?”

“பார்க்காமலா! வாசலை எந்தப் பக்கம் வெச்சிருக்கு தெரியுமா?”

மீன்கொத்தியின் வீட்டைப் பற்றிப் பேசி முடித்ததும் கொக்கின் மூட்டுவலிக்குப் பேச்சு தாவியது. அதுவும் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது வானத்தில் ஒரு வாலாட்டியும் இல்லை.

வாலாட்டியின் வால் ஆடாமல் நின்றுவிட்டது. “எல்லாரும் போயிட்டாங்கக்கா! எனக்குத் தனியா வழி தெரியாதே!”

மைனாவுக்குச் சுருக்கென்றது. “என்னாலதானே! வா, பிடிச்சிடலாம்.”

ஏரியைத் தாண்டியே அறியாத மைனா வயல்களையும் ரயில் பாதையையும் ஒரு மொட்டைக் குன்றையும் தாண்டி, மூச்சிரைக்க வாலாட்டியோடு பறந்தது.

குன்றுக்கு அப்பால் ஆற்று மணலில் மொத்தக் கூட்டமும் உட்கார்ந்திருந்தது.

“எனக்காகவா காத்திருக்கீங்க?” என்று நெகிழ்ந்துபோய்க் கேட்டது வாலாட்டி.

“நீ வரலைன்னே இப்பத்தான் தெரியுது,” என்றது கூட்டத்தின் தலைவி. “இந்த ஆள்காட்டிக் குருவிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு காலையில இறங்கினோம்.”

மைனா மணலில் பொத்தென்று விழுந்தது. மூச்சு வந்ததும் மெல்ல ஆள்காட்டியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.

“அப்படி என்னங்க பேச்சு? முதல்லேருந்து சொல்லுங்க.”