பன்னிரண்டாம் நம்பர்

வட்டமாக வெட்டிய அட்டையில் பன்னிரண்டு என்று எழுதி, அம்மாள் அதைத் தன் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டிருந்தபோது முதியோர் காப்பகத்து நர்ஸ் வந்துவிட்டாள். மாலை நான்கு மணி. கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். உதட்டில் அடர்ந்த சிவப்புச் சாயம்.

"எங்கயாவது கிளம்பிட்டீங்களாம்மா?"

"டான்ஸ் ஹாலுக்கு. பாத்து வாங்க, தரையில பவுடர் கொட்டியிருக்கு, வழுக்கும்."

வழுக்க வேண்டும் என்றுதான் கொட்டியிருந்தாள். கால் தரையில் ஒட்டாமல் போக, அந்தக் காலத்து டான்ஸ் ஹாலில் அப்படித்தான் செய்வார்களாம். நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கி நின்றன, ஆடக் கூப்பிட ஆள் வராத பெண்களைப் போல.

நர்ஸின் கையில் ஒரு தாள். அதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். நினைவு தப்பிப்போன கணவருக்கு மனைவியை அடையாளம் தெரிகிறதா? தெரிந்தால் அவர் வீட்டிலேயே இருக்கலாம், வாரம் இரண்டு முறை அவளே வந்து பார்த்துக்கொள்வாள். தெரியாவிட்டால் இன்றைக்கே காப்பகத்தின் மேல்மாடிக்குப் போக வேண்டும். அங்கே கதவுகளுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வண்டி வாசலில் தயாராக நின்றது.

அந்த மாதத்தில் இரண்டு முறை அவர் தானாகக் கதவைத் திறந்துகொண்டு போய், யாரோ தெருமுனையிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். நர்ஸ் மேல் தப்புச் சொல்ல முடியாது.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் பெயரைக் கேட்டாள், கிழமையைக் கேட்டாள். அவர் அவளைத் தாண்டி எதிர்வீட்டுக் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது முகம்.

அம்மாள் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து, உயரக் குதிகால் வைத்த சிவப்புச் செருப்பை வெளியே எடுத்தாள். பரணில் பல வருஷம் கிடந்த பெட்டி. செருப்பின் முனையில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துவிட்டுக் காலை நுழைத்தாள். நர்ஸ் கவனிப்பதைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வயசு எல்லாத்தையும் சுருக்குது. காலை மட்டும் விட்டுவெக்குமா?"

டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டுக்கொண்டே, கேட்டுக் கேட்டு மனப்பாடமானதைப் போல அந்த ஹாலைப் பற்றிச் சொன்னாள். வருகிறவர் ஜன்னலில் டிக்கெட் வாங்குவார். தோளில் இருக்கும் நம்பரைச் சொல்லிப் பெண்ணைக் கூப்பிடுவார். ஒரு டிக்கெட்டுக்கு மூன்று பாட்டு. மணி அடித்தால் கையை விட்டுவிட வேண்டும். பெயர் கேட்கக் கூடாது, வீட்டுப் பேச்சு எடுக்கக் கூடாது. கண்ணாடிப் பந்து ஒன்று உச்சியில் சுற்றும். அதில் நாலைந்து சில் உதிர்ந்துபோனதால், வெளிச்சத்துக்கு நடுவே சின்ன இருட்டு ஒன்று எல்லார் முகத்தையும் தடவிப் போகும். டிரம்ஸ்காரர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார், தாளம் தப்பாது. இப்போது அது டயர் கிடங்கு.

நர்ஸ் சின்னப் பெண். தாளை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"அங்கதான் பழகுனீங்களா ரெண்டு பேரும்?"

வியாழக்கிழமை ஆனால் அவர் அங்கே தவறாமல் இருப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மாள் பொத்தானை அழுத்தினாள்.

முதல் பாட்டின் நாலாவது அடியில் அவர் தலை திரும்பியது. தோளில் இருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு செருப்பை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, சட்டைப் பையைத் துழாவி, எப்போதோ போன பஸ்ஸின் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அவள் அதை இரண்டாகக் கிழித்துப் பாதியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"பன்னெண்டு," என்றார் அவர்.

"வாங்க சார். போன வாரம் காணோமே."

புருஷனைப் போய் சார் என்கிறாளே என்று நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத மனிதர் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஆடினார். பவுடர் தரையில் அவர் கால் எழுதிய வளைவுகளில் ஒரு பிசிறு கூட இல்லை. தப்பு அடி வைத்ததெல்லாம் அம்மாள்தான். அவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்திக் கூட்டிப்போனார். இரண்டாவது பாட்டில் அவள் காதில் எதையோ சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது பாட்டில் நர்ஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினாள். அவர் தோளுக்கு மேல் அம்மாள் அதைப் பார்த்தாள். ஒரு கோடு போதும். அதை மட்டும் போட்டுவிட்டால், தன் அளவில்லாத இந்தச் செருப்பையும் இந்த நம்பரையும் சாகிறவரை தினம் மாட்டிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

பாட்டு முடிந்து டேப் ரெக்கார்டரின் பொத்தான் டக்கென்று மேலே வந்தது. அவருக்கு அதுதான் மணி. கையை விட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து, தலை குனிந்து வணங்கினார்.

அவள் விடவில்லை. இன்னொரு டிக்கெட் இருக்கிறதா பாருங்கள் சார், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்கு ஹாலில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். நர்ஸின் பேனா, ஆம் என்ற கட்டத்துக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஜன்னலுக்கு வெளியே மங்கும் வெளிச்சத்தைப் பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் இன்னொருவரைப் பற்றிய கவலை வந்தது.

"நேரமாச்சு, பன்னெண்டு. வீட்டுல என் சம்சாரம் சாப்பிடாம உக்காந்திருப்பா."