மீதி ஐஸ்கிரீம்

நான்கு நாள் விடுமுறையில் கடற்கரையும் அருங்காட்சியகமும் பார்த்து முடித்து, மூன்றாம் நாள் மதியம் தமயந்தி அம்மாவை அந்தப் பெரிய மாலுக்குக் கூட்டி வந்திருந்தாள். நகரும் படியில் மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறிய பவுனம்மாள், மேலே சாப்பாட்டுக் கடைகள் இருந்த தளத்தில் ஐஸ்கிரீமில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை ஆசையாகப் பிறகு சாப்பிட வைத்திருந்தாள். பக்கத்து மேசையில் யாரோ சிந்திவிட்டுப் போன குழம்பு அவளை உட்காரவிடவில்லை. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஆயாவாக இருந்த கை அது. "சும்மா இரும்மா" என்று மகள் பல்லைக் கடிப்பதற்குள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் காகிதத்தால் துடைத்து, எச்சில் தட்டுகளையும் அடுக்கிவிட்டாள்.

"இங்கயும் கொஞ்சம் தொடச்சிடும்மா" என்றாள் அதற்கடுத்த மேசையிலிருந்த பெண், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பவுனம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். 'அவங்க எங்க அம்மா' என்ற மூன்று சொல் தமயந்தியின் நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவே, தமயந்தி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினாள். சரியாக இருந்த வாரைத்தான் அவிழ்த்து அவிழ்த்து மாட்டினாள்.

நிமிர்ந்தபோது அந்த மேசை பளிச்சென்று இருந்தது. பவுனம்மாள் மகளுக்கு எதிரில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"சாப்ட்டாச்சுங்களா? எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

கிண்ணத்தில் அம்மாவின் பாதி கரைந்துகொண்டிருந்தது. தமயந்தி ஆமென்று தலையை ஆட்டினாள்.