மாவுக்கட்டு

ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்குப் பத்தடி இருக்கும்போது மகள் மறுபடியும் கையை உருவிக்கொண்டாள்.

இது ஐந்தாவது முறை.

வீட்டிலிருந்து குதித்துக்கொண்டுதான் வருவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டுச் சண்டை போடுவாள். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைவதில்கூட ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் கதவுக்கு வெளியே சுவரோரமாகக் கிடக்கும் நீல பெஞ்சைப் பார்த்ததும் போய் அதன் இடது ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு இழுத்தாலும் வரமாட்டாள். தூக்கினால் ஊரைக் கூட்டுவாள்.

இடது கையில் மாவுக்கட்டு. ஆறு வாரத்தில் வெட்டியிருக்க வேண்டியது, எட்டாகிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் முழங்கை இறுகிப்போகும், அப்புறம் குழந்தைதான் படாத பாடு படும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் அதன் மேல் பயம் இருக்காது என்று நம்புகிறவன்.

முதல் முறை, கட்டு வெட்டும் ரம்பத்துக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தான். அந்த ரம்பம் சுற்றாது, இருந்த இடத்திலேயே இப்படியும் அப்படியும் துடிக்கும். கெட்டியான கட்டு கூடவே ஆடத் தெரியாமல் வெட்டுப்படும். தோல் மெத்தென்று கூடவே ஆடித் தப்பித்துவிடும். அவள் கன்னத்தில் விரலை வைத்து ஆட்டிக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

புரிந்ததா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. காலில் கட்டோடு பக்கத்தில் அழுதுகொண்டிருந்த இன்னொரு குழந்தைக்கு, அதன் கன்னத்தை ஆட்டி அவளே பாடம் எடுத்தாள். அந்தக் குழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கட்டில்லாத காலோடு வெளியே வந்தது.

இவள் பெஞ்சை விட்டு நகரவில்லை.

ஊசியோ என்று சந்தேகப்பட்டு அடுத்த முறை நர்ஸையே வெளியே கூட்டிவந்தான். அவள் நர்ஸின் பேனாவை வாங்கி மாவுக்கட்டில் பூனை வரைந்தாள். தானாகத் திறக்கிற கதவோ என்று, மேலே இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி ஆள் வருவதை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினான். உள்ளேயிருந்து வருகிறவர்களுக்கும் திறக்குமா என்று மட்டும் கேட்டாள். திறக்கும் என்றான். தலையை ஆட்டிவிட்டு, இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கதவை விலை பேச வருகிறீர்களா சார் என்று வாட்ச்மேன் கிண்டலடிக்க ஆரம்பித்திருந்தார்.

ஐந்தாவது முறை அவனிடம் விளக்கம் தீர்ந்துபோயிருந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். காலையில் தான் பின்னிவிட்ட இரட்டைச் சடை, ஒன்று காதுக்கு மேலும் ஒன்று கீழுமாக இருந்தது.

நின்றுபோன லிஃப்ட் எல்லாம் கெட்டுப்போன லிஃப்ட் அல்ல. ஏதோ ஒரு மாடியில் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால், மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நகராது. நகராமல் இருப்பதுதான் அதன் வேலை. மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்னால், அதை எது நிறுத்தி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே படித்த பாடம்.

எதுக்குப் பயம் என்றே இத்தனை நாள் கேட்டவன், இங்கே உன்னை யார் உட்காரச் சொன்னது என்று இன்று கேட்டான்.

“அம்மாதான். கட்டுப் போட்ட அன்னைக்கு. லேசா தலை சுத்துது, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன், நான் வர்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னாங்க.”

மகளோடு போன ஸ்கூட்டர் சறுக்கிய அன்று மனைவிக்குக் கீறல்கூட இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போன் வந்தபோது அவன் ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்தான். ஓடிவந்தபோது மகள் இதே பெஞ்சில், இதே ஓரத்தில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டும் நேரத்தில் அவன் அக்கா வந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். சின்னப் பிள்ளை, எதையும் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து, அம்மா இறந்துட்டாங்க என்று அவன்தான் சொன்னான். கதவு திறக்கும் என்றபோது ஆட்டியதைப் போலத்தான் அன்றும் தலையை ஆட்டினாள்.

“நான் உள்ள போயிட்டா, அம்மா வந்து என்னைத் தேடுவாங்கல்லப்பா?”

அவன் எழுந்து வாட்ச்மேனிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டான். அவர் கிண்டல் எதுவும் பண்ணவில்லை. யார் வந்து தேடினாலும் ஓடிவந்து சொல்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, அவள் எழுந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த இடது ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

கட்டடத்தைச் சுற்றி, சலவை மூட்டைகளையும் காலி சிலிண்டர்களையும் தாண்டி இருவரும் பின்பக்கம் போனார்கள். அங்கே ஒரு பச்சை இரும்புக் கதவு. முன்னால் படி கிடையாது, சிமெண்டுச் சரிவு.

சரிவு எதற்கு என்று கேட்டாள். சக்கரம் வைத்த கட்டில் படியில் இறங்காது, அதற்கு என்றான். இவ்வளவு சின்ன விளக்கத்தை அவன் எதற்கும் சொன்னதில்லை.

அவள் முன்னால் முட்டி போட்டான்.

“அம்மா இந்த வழியாத்தான் வெளிய வந்தாங்க, கண்ணு. அன்னைக்கு சாயங்காலமே. நான் கூட வந்தேன். நீ முன்பக்கம் பாத்துட்டே இருந்த, உன்கிட்ட யாருமே சொல்லல.”

அவள் சரிவில் ஏறிப்போய் அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். இறங்கி வந்தாள். கட்டில்லாத கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ வாட்ச்மேன் மாமாவை எந்திரிக்கச் சொல்லுப்பா.”