மகன் சொல்லித் தந்த லினக்ஸ்

“பயப்படாம உக்காருங்க அத்தா. லினக்ஸ் உங்களக் கடிக்காது” என்று போனில் ஷம்சுதீனின் குரல் சிரித்தது.

காஜா பேராங்கில் இருந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மகன் புது சிஸ்டம் போட்டுக் கொடுத்த லேப்டாப்பை அப்துல் கய்யூம் முறைத்துக்கொண்டிருந்தார்.

“பழைய ஹார்ட் டிஸ்க்கச் சொருகுங்க. அது தானாத் தொறக்காது. எடது பக்கத்துல அதோட படம் வரும், அதத் தட்டுங்க.”

“மெதுவாடா! எங்கடா எடது பக்கம்?”

“சோத்துக் கைப் பக்கம் இல்ல அத்தா, அந்தப் பக்கம்.”

கய்யூமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டினார். பாஸ்வேர்டு கேட்டது.

“அம்மா பேரப் போடுங்க.”

“அது எனக்குத் தெரியாதாக்கும்!”

“இப்ப பழைய போட்டோ புரோகிராமத் தொறங்க. அது விண்டோஸோடது, இதுல நேரா ஓடாது. அதுக்குன்னு ‘வைன்’னு ஒண்ணு போட்டிருக்கேன். பேருதான் அத்தா அப்படி, ஹராம் இல்ல!”

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருஷத்தில் ஜாலான் பெண்டஹாரா தெருக் கடை வாசலில் கய்யூமின் தகப்பனார் நிற்கும் படம் திரையில் விரிந்தது.

“வந்திருச்சா? கெட்டிக்கார அத்தா!”

மனைவி பஷீரா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து நின்றாள்.

“என்னங்க, வெயில் ஏறுது. கபுருஸ்தானுக்குப் போக வேணாமா? நம்ம ஷம்சுவ அடக்கின எடத்துல யாசீன் ஓதணும்ல.”

“கொஞ்சம் இரு. எனக்கு இன்னும் சரியாப் புடிபடல.”

கய்யூம் டிஸ்க்கைக் கழற்றி வைத்தார். மகன் கடைசியாக அனுப்பிய அந்த வாய்ஸ் மெசேஜை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார்.

“பயப்படாம உக்காருங்க அத்தா…”