சம்மதம்

கேமரா பதிவை மூன்றாவது தடவையாக ஓட்டிப் பார்த்தார் மொய்னுதீன். சந்தேகமே இல்லை.

மதியம் ஒன்றரை மணி. தொழுகைக்கும் சாப்பாட்டுக்குமாக அவர் கிளம்பிய ஐந்தாவது நிமிடம், கடையில் வேலை பார்க்கும் ரேணுகா தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகுகிறாள். போடிமெட்டு ஜீப்பில் வந்து இறங்கிய எஸ்டேட் பெண்கள் மூன்று பேர் உள்ளே வருகிறார்கள். அரை மணி நேரம் வேலை நடக்கிறது. பில் புத்தகத்தை அவள் தொடவே இல்லை.

காசு கைமாறியதா? கேமராவில் அவள் முதுகுதான் தெரிந்தது. கைமாறாமலா இருக்கும்!

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடமாக ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறவர். அவரிடமே இந்த வேலையா!

"ரேணுகா, இங்க வா."

வந்தாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டார்.

"நான் அந்தப் பக்கம் போனதும் நீ இந்தப் பக்கம் தனி யாவாரம் பண்றியா?"

"யாவாரமெல்லாம் இல்ல பாய். மலையிலருந்து வர்றவங்களுக்குச் சாப்பாட்டு நேரத்துல பேப்பரை ஸ்கேன் பண்ணி, சைஸைச் சுருக்கி அனுப்பி விடுறேன். உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். அது தப்புதான்."

"காசு எங்க?"

"காசு வாங்கல பாய்."

"சும்மா செஞ்சு குடுக்க இதென்ன தர்ம சத்திரமா? கடைக் கம்ப்யூட்டர்லதான் எல்லா சாஃப்ட்வேரும் கெடக்கே. உனக்கெதுக்குத் தனியா பென்டிரைவு?"

"அது வேற, இது வேற பாய்."

கடைக் கம்ப்யூட்டரில் இருந்த சாஃப்ட்வேரெல்லாம் மதுரையிலிருந்து ஒரே பென்டிரைவில் வந்து இறங்கிய கள்ளச் சரக்கு. சேர்ந்த புதிதில், "காசு குடுத்து வாங்கிரலாமே பாய்" என்று ரேணுகா சொன்னதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். போடி பூராவும் அதுதான் ஓடுகிறது. ஓசியில் கிடைக்கிறதை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா?

"ஒரு திருடிக்குச் சம்பளம் குடுத்து வச்சிருந்திருக்கேன். போ, நாளையிலருந்து வராத."

அவள் முகம் செத்துப் போயிற்று. ராசிங்காபுரத்தில் அவள் வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்பது அவருக்கும் தெரியும். அழுது கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் பென்டிரைவ் கம்ப்யூட்டரிலேயே சொருகியபடி இருந்தது.

மறுநாள் மதியம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. எவள் வருகிறாள் பார்ப்போம் என்று கடையிலேயே உட்கார்ந்திருந்தார்.

வந்தது வேலுத்தாய். ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். கையில் ஒரு வருமானச் சான்றிதழ்.

"அந்தப் புள்ள எங்கண்ணே? எம் மக செல்லக்கிளிக்கு காலேஜு உதவித்தொகை எழுதிக்கிட்டிருந்துச்சு. இந்த ஒரு பேப்பருதான் பாக்கி. இன்னைக்குக் கடைசி நாளாம். இது கெடைக்கலன்னா அவளும் எங்கூட தோட்ட வேலைக்கு ஜீப்பு ஏற வேண்டியதுதான்."

"அந்தப் புள்ள நின்னுருச்சு ஆத்தா." கொஞ்சம் நைசாகக் கேட்டார். "உங்ககிட்ட எவ்வளவு வாங்கும்?"

"காசா? தொடவே தொடாது! நீட்டுனா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிரும். போன தடவை ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டாந்தேன். அதையும் வேணாம்னுருச்சு."

மொய்னுதீனுக்கு என்னவோ போலிருந்தது. பென்டிரைவைத் திறந்தார். செல்லக்கிளியின் பேப்பர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர். கம்ப்யூட்டரில் ஏற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுகிற வகை. அதைத் தட்டினார். இங்கிலீஷில் நீளமாக என்னவோ எழுதிய பெட்டி ஒன்று வந்து, அடியில் சம்மதமா என்று கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் இந்த மாதிரி எத்தனை பெட்டி! படிக்காமல் அமுக்கினார்.

விண்ணப்பத்தின் பாஸ்வேர்டு ரேணுகாவுக்குத்தான் தெரியும். வேறு வழியில்லாமல் போன் போட்டார். காற்று இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"சொல்லுங்க பாய். காய் எடுப்புல நிக்கிறேன். காலையில ஜீப்பு ஏறிட்டேன். வெரசாச் சொல்லுங்க, இங்க சிக்னல் நிக்காது."

அவர் அவசரமாகச் சொன்னார். "நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. நாளைக்குக் கடைக்கு வந்துரு."

"வேணாம் பாய். நாலு பேரு முன்னால சொன்னது சொன்னதுதான். இனி அங்க வந்து எந்த முகத்தோட உக்காருவேன்?" உடனே அவளே கேட்டாள். "வேலுத்தாயக்கா வந்தாங்களா? இன்னைக்குக் கடைசி நாளு."

பாஸ்வேர்டைச் சொன்னாள். எங்கே தட்ட வேண்டும், எப்படிச் சுருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

வேலுத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பத்து ரூபாய்த் தாளை நீட்டினாள். பழகிப்போன கை, தானாக நீண்டது.

"பாய், இருக்கீங்களா?" போனில் ரேணுகா அவசரமாகக் கூப்பிட்டாள். "அக்காகிட்டக் காசு மட்டும் வாங்கிராதீங்க."

"ஏம்மா?"

"என் பென்டிரைவுல இருக்குற சாஃப்ட்வேரைத் திறந்ததும் ஒரு பெட்டி வந்துச்சே, படிக்கலையா? சும்மா செஞ்சு குடுக்குறதா இருந்தா இது இலவசம், கூலி வாங்குற சோலிக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கும். நான் அதைப் படிச்சுட்டுத்தான் சம்மதம்னு அமுக்குனேன். நீங்க இப்பக் காசு வாங்குனாத்தான் பாய், நான் திருடி."